கத்தி ஒன்று, கட்டை ஒன்று: மரச் செதுக்கல் பழக விரும்புவோருக்குப் பதில்கள்

மரத்தில் செதுக்கப் பழகுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். கருவிகளைப் பற்றிக் கேட்டவர்களே மிகுதி. இருப்பினும் மரத்தின் இழையோட்டத்தை, அதாவது நார்கள் ஓடும் போக்கைப் பற்றியும் கூர் தீட்டுவதைப் பற்றியும் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன். புதிதாகப் பழகுபவர்கள் மனம் சோர்ந்து விலகிவிடுவதற்கு இவ்விரண்டில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன் நான். மரச் சிற்பங்களின் மீது சிறு வயதிலிருந்தே ஈடுபாடு உண்டு. ஆனால் படம் வரையத் தெரியாது. தச்சு வேலையும் பழகியதில்லை. நான் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: மரச் செதுக்கலில் நான்கு வழிகள் உள்ளன. ஒரே ஒரு கத்தியைக் கொண்டு, கையில் அடங்கும் கட்டையைச் சீவிச் சீவி உருவம் கொண்டுவருவது முதல் வழி. தட்டையான பலகையின் மேற்பரப்பில் முக்கோணச் சில்லுகளாக வெட்டி எடுத்துக் கோலம் போன்ற வடிவங்களை அமைப்பது இரண்டாவது. பின்னணியைக் குழித்துத் தாழ்த்தி, உருவத்தை மட்டும் மேலெழச் செய்யும் புடைப்புச் செதுக்கல் மூன்றாவது. எப்பக்கமிருந்து பார்த்தாலும் முழுமையாகத் தெரியும் முழு உருவச் சிற்பம் நான்காவது. தங்களுக்கு நான் பரிந்துரைப்பது முதல் வழியைத்தான். இதற்கு மேசையோ பட்டறையோ வேண்டியதில்லை. நல்ல வெளிச்சமும் உறுதியான நாற்காலியும் போதும். அதைவிட முக்கியமாக, கட்டை கையிலேயே இருப்பதால், கத்தி எந்தத் திசையில் இணக்கமாக ஓடுகிறது, எந்தத் திசையில் திமிறுகிறது என்பதை விரல்கள் நேரடியாக உணர்ந்துகொள்ளும். அந்த உணர்வு வந்துவிட்டால் மற்ற மூன்று வழிகளும் எளிதாகும்.

படம் வரையத் தெரியாதது ஒரு தடையே இல்லை. செதுக்குபவருக்கு வேண்டியது ஒரு பொருளின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் சேர்த்து மனத்தில் நிறுத்தும் பழக்கம். சதுரக் கட்டையின் ஒரு பக்கத்தில் உருவத்தின் முன்தோற்றத்தையும், அடுத்த பக்கத்தில் பக்கத் தோற்றத்தையும் கோடுகளாக வரைந்துகொண்டு, கோடுகளுக்கு வெளியே உள்ள மரத்தை முதலில் நீக்கிவிட்டால், உருவத்தின் பருமனான வடிவம் கிடைத்துவிடும். முதல் வேலையாக முகத்தையோ மிருகத்தையோ எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு சென்டிமீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள கட்டையை முட்டை வடிவத்திற்குக் கொண்டுவாருங்கள். சதுரத்தின் நான்கு விளிம்புகளைச் சீவி எட்டுப் பட்டையாக்கி, எட்டைப் பதினாறாக்கி, பிறகு பட்டைகளின் தடம் மறையும்வரை சீவ வேண்டும். சாதாரணமாகத் தோன்றும் இந்தப் பயிற்சியில் நார்களின் போக்கிலான நேர் இழை, அதற்குக் குறுக்கான குறுக்கு இழை, நார்கள் முடியும் முனை இழை ஆகிய மூன்றையும் கத்தி சந்தித்துவிடுகிறது.

கேள்வி: இணையத்தில் பன்னிரண்டு உளிகள் கொண்ட பெட்டி மிக மலிவாகக் கிடைக்கிறது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு அது பொருத்தமானதா?

பதில்: வாங்க வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன். அத்தகைய பெட்டிகளில் வரும் உளிகளில் பல, வெட்டுவதற்குத் தயாரான கூர்மையோடு வருவதில்லை. எஃகு மென்மையாக இருந்தால் தீட்டிய கூர் சில நிமிடங்களில் மழுங்கிவிடும். பன்னிரண்டு உளிகளையும் தீட்டிப் பராமரிக்கும் திறமை தொடக்கத்தில் எவருக்கும் இருப்பதில்லை என்பதால், பழகுபவர் தன் கையில்தான் குறை இருக்கிறது என்று எண்ணிச் சோர்ந்துபோகிறார். அதே பணத்திற்கு நல்ல எஃகில் செய்த ஒரே ஒரு செதுக்குக் கத்தியை வாங்கலாம். அலகு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளமே இருக்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால் நுனியைக் கட்டுப்படுத்துவது கடினம். பிடி உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்குப் பருமனாக இருக்க வேண்டும். மடக்குக் கத்தியாக இருந்தால், விரித்த நிலையில் அலகை உறுதியாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு கட்டாயம் வேண்டும். பூட்டில்லாத கத்தி வேலையின் நடுவே விரல்மீது மடங்கக்கூடும்.

கத்தியில் கை பழகிய பின்பு உளிகளுக்கு வரலாம். செதுக்கு உளிகளின் மீது இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒன்று வாயின் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. மற்றொன்று வாயின் வளைவைக் குறிக்கிறது. வளைவு எண் 3 என்றால் ஏறத்தாழத் தட்டையாக, மிக மெல்லிய வளைவோடு இருக்கும். எண் கூடக் கூட வளைவு ஆழமாகி, 11 என்பது ஆங்கில ‘யு’ எழுத்தைப் போல் ஆழ்ந்த குழிவாக இருக்கும். நிறுவனத்திற்கு நிறுவனம் இந்த எண்முறை சற்று மாறுபடுவதால், வாங்குவதற்கு முன் வளைவின் படத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. எண் 3, எண் 7, எண் 11 ஆகிய மூன்று வளைவுகளில் ஒவ்வோர் உளியும், கோடு இழுப்பதற்கு ‘வி’ வடிவ உளி ஒன்றும் இருந்தால், புடைப்புச் செதுக்கலில் நெடுங்காலம் வேறெதுவும் தேவைப்படாது. இவற்றோடு ஒரு கொட்டாப்புளியும், பலகையை மேசையோடு இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்புகளும் வேண்டும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் வெட்டிய கிளைகளைச் செதுக்கப் பயன்படுத்தலாமா? கடந்த முறை செதுக்கி முடித்த பொம்மை, சில வாரங்களில் நடுவில் பிளந்துவிட்டது.

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் பிளவு ஏன் வந்தது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வெட்டியவுடன் மரத்தில் இருக்கும் நீர் இரண்டு நிலைகளில் வெளியேறுகிறது. உயிரணுக்களின் உள்ளறைகளில் இருக்கும் நீர் முதலில் போகிறது. அதனால் மரம் சுருங்குவதில்லை. ஈரம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது அணுச்சுவர்களுக்குள் இருக்கும் நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கமும் அப்போதுதான் தொடங்குகிறது. இந்தச் சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு, வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுருங்குகிறது. உருண்டையான கிளைக்கு இந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ள வழியில்லை; எனவே நடுக்குருத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிப் பிளந்துகொள்கிறது. தங்கள் பொம்மையின் உள்ளே அந்த நடுக்குருத்து இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கிளையை நடுக்குருத்தின் வழியாக நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, குருத்துப் பகுதியைச் சீவி நீக்கிவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதை அறிந்து செயல்பட்டிருக்கிறார்கள். 1531இல் மறைந்த ஜெர்மானியச் சிற்பி தில்மான் ரீமென்ஷ்னைடரும் அவர் காலத்துச் சிற்பிகளும், சுவரோடு சேர்த்து நிறுத்தப்படும் லிண்டன் மர உருவங்களின் முதுகுப்புறத்தை உள்ளீடற்றதாகக் குடைந்துவிட்டனர். பிளவுக்குக் காரணமான நடுப்பகுதி நீங்கியதோடு, எஞ்சிய மரம் மெல்லியதாகிச் சீராக உலரவும் அது வழிசெய்தது.

பிளந்த துண்டுகளின் இரண்டு முனைகளிலும் மெழுகையோ பழைய வண்ணப்பூச்சையோ தடவுங்கள். நீர் பக்கவாட்டைவிட முனைகளின் வழியாகப் பன்மடங்கு விரைவில் வெளியேறும் என்பதால், முனைகளை மூடாவிட்டால் அங்கேதான் முதல் வெடிப்பு தோன்றும். பிறகு வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் அடுக்கிவைக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. இடையிடையே எடை போட்டுப் பார்த்துவந்தால், எடை குறைவது நின்றுபோகும்போது மரம் உலர்ந்துவிட்டது என்று அறியலாம். காத்திருக்க இயலாதவர்கள் கரண்டி போன்ற மெல்லிய பொருள்களைப் பச்சை மரத்திலேயே செதுக்கலாம். பச்சை மரம் கத்திக்கு மிக இணக்கமானது. மெல்லியதாக இருப்பதால் பிளவும் அரிது. பாதி வேலையில் நிறுத்தும்போது அதைக் காகிதப் பையில் தன் செதில்களோடு சேர்த்து மூடிவைத்தால் மெதுவாக உலரும்.

எந்த மரம் என்பதற்கும் ஒரு சொல். லிண்டன் குடும்பத்தைச் சேர்ந்த பாஸ்வுட் உலகெங்கும் பழகுபவர்களின் மரமாக இருப்பதற்கு அதன் மென்மையும் நெருக்கமான, சீரான இழையுமே காரணம். குமிழ் மரமும் இந்த வகையில் நல்லது. தேக்கு அழகானதுதான், ஆனால் அதில் உள்ள சிலிகா, கருவியின் கூரை விரைவில் தேய்த்துவிடும். புளி, கருவேலம் போன்ற வைரம் பாய்ந்த மரங்களைப் பிற்காலத்திற்கு ஒதுக்கிவையுங்கள். அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். இவ்விரண்டையும் தொடவே வேண்டாம். பழைய வண்ணம் பூசிய மரத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: ஒரு பறவையைச் செதுக்கத் தொடங்கினேன். ஒரு பக்கம் வழவழப்பாக வருகிறது. மறுபக்கத்தில் மரம் பெயர்ந்து பெயர்ந்து வருகிறது. பறவையின் அலகு இரண்டு முறை ஒடிந்துவிட்டது. என் கத்தியில் குறையா, மரத்தில் குறையா?

பதில்: இரண்டிலும் குறை இல்லை, வெட்டிய திசையிலும், கட்டையில் பறவையை வைத்த விதத்திலும்தான் இருக்கிறது. மரம் என்பது இறுகக் கட்டிய ஈர்க்குக் கற்றையைப் போன்றது. நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. நாரை அறுப்பது கடினம், ஒரு நாரை இன்னொன்றிலிருந்து பிரிப்பது எளிது. கத்தி ஒரு சரிவில் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி இறங்கும்போது, அறுபடும் ஒவ்வொரு நாருக்கும் கீழே இன்னொரு நார் நீண்டு நின்று தாங்குகிறது. அதனால் வெட்டு வழவழப்பாக அமைகிறது. அதே சரிவில் பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி ஏறினால், கத்தி நார்களுக்கு இடையில் ஆப்பைப் போல் நுழைந்து, அறுப்பதற்கு மாறாகப் பிளந்துகொண்டே போகிறது. தாங்கள் குறிப்பிடும் ‘பெயர்ந்து வருவது’ இதுதான்.

ஆகவே இழை நீளவாக்கில் ஓடும் கட்டையில், பறவையின் முதுகைப் போன்ற மேடான வளைவை, அதன் உச்சியிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் இறக்கிச் சீவ வேண்டும். கழுத்தின் பின்புறம் போன்ற குழிவில், இரண்டு கரைகளிலிருந்தும் இறங்கி அடிப்புள்ளியில் நிறுத்த வேண்டும். அடிப்புள்ளியைக் கடந்து எதிர்ச்சரிவில் ஏறிய கணத்தில் மரம் பெயரத் தொடங்கும். இந்த ஒரு நடைமுறையைக் கை தானாகப் பின்பற்றத் தொடங்கும் நாளில், தங்கள் வேலையின் தோற்றமே மாறிவிடும். கணுவைச் சுற்றி இழை வளைந்து செல்வதால், அங்கே சிறிய வெட்டுகளாக, அடிக்கடி திசை மாற்றிச் சீவ வேண்டியிருக்கும். முதல் சில வேலைகளுக்குக் கணு இல்லாத கட்டையைத் தேர்ந்தெடுப்பது நலம். இழை எத்திசையில் செல்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், ஓரத்தில் மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கத்தி தானாக ஆழ்ந்து செல்ல முயன்றால் உடனே நிறுத்தி, கட்டையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கையின் வலிமையைக் கூட்டுவதால் பயன் இல்லை.

ஓரிடத்தில் வெட்டு நிற்க வேண்டும் என்றால், முதலில் அந்த எல்லையில் கத்தியைச் செங்குத்தாக இறக்கி ஒரு வெட்டு இட்டுக்கொண்டு, பின்னர் அதை நோக்கிச் சீவ வேண்டும். சில்லு அந்த எல்லையிலேயே கழன்று விழும். இறக்கைக்கும் உடலுக்கும் இடையிலான கோடு தெளிவாக நிற்கும்.

இனி பறவையின் அலகு. கட்டையின் இழை அலகுக்குக் குறுக்காக அமைந்திருந்தால், எவ்வளவு கவனமாகச் செதுக்கினாலும் அது ஒடியும், ஏனெனில் அந்த மெல்லிய பகுதியில் நீளமான நார் ஒன்றுகூட இருக்காது. உருவத்தில் எது மிக மெல்லியதோ அது இழையின் போக்கிலேயே அமையுமாறு முன்கூட்டியே கட்டையில் உருவத்தைத் திருப்பி வரைந்துகொள்ள வேண்டும். இரண்டு மெல்லிய பகுதிகள் வெவ்வேறு திசைகளில் நீண்டால், ஒன்றைத் தனியாகச் செதுக்கிப் பொருத்துவதில் எந்தத் தாழ்வும் இல்லை. ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் அத்தி இன மரத்தில் செய்யப்பட்டு, இன்று கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கும் காஅபேர் என்பவரின் உருவச் சிலையில் கைகள் தனியே செதுக்கிப் பொருத்தப்பட்டவைதாம்.

கேள்வி: கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டினாலும் கூர் வரவில்லை. கூர் போதுமானதா என்பதை எப்படி அறிவது?

பதில்: பெரும்பாலும் கோணம் நிலையாக இல்லாததே காரணமாக இருக்கும். செதுக்குக் கத்தியின் இரு சரிவுகளும் சேர்ந்து சுமார் 20 முதல் 25 பாகைக் கோணத்தில் கூடுவது பொருத்தமானது. சரிவு முழுவதும் கல்லில் படியுமாறு வைத்து, அந்தக் கோணம் மாறாமல் தீட்ட வேண்டும். முதுகை உயர்த்தினால் விரைவில் கூர் வந்ததுபோல் தோன்றும், ஆனால் சரிவு உருண்டு, மரத்திற்குள் கத்தி நுழையாது. 1000 எண் கல்லில் ஒரு பக்கத்தைத் தீட்டும்போது, மறுபக்க விளிம்பில் நுண்ணிய பிசிறு எழும். அலகின் முழு நீளத்திலும் அந்தப் பிசிறு எழுந்த பிறகே பக்கத்தை மாற்ற வேண்டும். பலர் பிசிறு எழும் முன்பே நிறுத்திவிடுகிறார்கள்; அதுவரை செய்த உழைப்பு விளிம்பைத் தொடவே இல்லை என்று பொருள். பின்னர் 4000 அல்லது 6000 எண் கல்லில் தேய்த்து, இறுதியாகப் பலகையில் ஒட்டிய தோல் பட்டையில் பச்சை நிற மெருகுப் பசையைத் தடவி, கூர்முனை பின்னே வருமாறு, முதுகுப் பக்கமாக இழுக்க வேண்டும். கூரை முன்னே தள்ளினால் தோல் அறுபடும்.

விரலாலோ தாளாலோ கூரைச் சோதிப்பதைவிட மரத்தையே கேட்பது சிறந்தது. மென்மையான மரத்தின் இழைக்குக் குறுக்காக ஒரு சீவல் எடுங்கள். வெட்டிய முகம் பளபளத்தால் கூர் போதும். அதில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால், அந்த இடத்தில் கூரில் நுண்ணிய பள்ளம் இருக்கிறது. முகம் மங்கலாக, நொறுங்கியதுபோல் இருந்தால் மறுபடியும் கல்லுக்குச் செல்ல வேண்டும். வேலையின் நடுவே அரைமணி நேரத்துக்கு ஒருமுறை தோல் பட்டையில் இழுத்துவந்தால், கல்லின் தேவை மிகவும் குறையும். வளைவு உளிக்கும் இதே முறைதான். சரிவைக் கல்லில் படியவைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உருட்டியபடி தேய்க்க வேண்டும், உட்புறப் பிசிறை உருண்டை விளிம்புள்ள சிறு கல்லால் நீக்க வேண்டும்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் செதுக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். கத்தியைக் கொடுக்க அச்சமாக இருக்கிறது.

பதில்: அம்மா, தங்கள் அச்சம் நியாயமானது, அதனால் ஆசையை மறுத்துவிட வேண்டியதில்லை. முதலில் சோப்புக் கட்டியையும் மரத்தாலான மழுங்கிய கத்தியையும் கொடுங்கள். சீவும் முறையும் உருவத்தை யோசிக்கும் முறையும் அதிலேயே படிந்துவிடும். சொன்னதைக் கேட்டு, களைத்தால் தானாக நிறுத்தும் பழக்கம் வந்த பிறகு, பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, உண்மையான கத்தியைத் தரலாம்.

கட்டையைப் பிடிக்கும் கையில் வெட்டுத் தாங்கும் கையுறையும், கத்தி பிடிக்கும் கையின் கட்டைவிரலுக்குத் தோல் உறையும் கட்டாயம். கையுறை இழுத்தறுக்கும் வெட்டைத்தான் தடுக்கும், நுனியால் குத்துவதைத் தடுக்காது என்பதையும் அவனுக்குச் சொல்லிவையுங்கள். கட்டையைத் தொடைமீது வைத்துச் செதுக்குவதை ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம். தொடையின் உட்புறத்தில் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது, அங்கே ஏற்படும் காயம் உயிருக்கே ஆபத்தானது. முழங்கைகளை முழங்கால்களின் மீது ஊன்றி, கட்டையை முழங்கால்களுக்கு அப்பால் நீட்டிப் பிடித்துச் செதுக்குவதே பாதுகாப்பான இருக்கை. கைக்கெட்டும் தூரத்தில் வேறு எவரும் இருக்கக் கூடாது. கத்தி கீழே விழுந்தால் பிடிக்க முயலாமல் விழவிட வேண்டும். இன்னொன்று: மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்று எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். மழுங்கிய கத்திக்கு அதிக விசை தேவைப்படுகிறது. விசை கூடிய கை வழுக்கும்போதுதான் பெரிய காயங்கள் நேர்கின்றன.

கேள்வி: செதுக்கி முடித்தபின் உப்புத்தாள் தேய்ப்பது அவசியமா? கடைசியில் என்ன எண்ணெய் பூசுவது?

பதில்: அவசியமில்லை. கூர்மையான கத்தி விட்டுச்சென்ற முகங்கள் ஒளியைப் பிரதிபலிக்கும் விதம் உப்புத்தாளால் கிடைப்பதில்லை என்பதால், நான் கத்தித் தடங்களையே விரும்புகிறேன். வழவழப்பு வேண்டும் என்றால், எல்லாச் செதுக்கலும் முடிந்த பிறகே தாளைக் கையில் எடுங்கள். தாளிலிருந்து உதிரும் துகள்கள் மரத்தில் பதிந்துகொண்டால், அதன்பின் கத்தி படும்போது கூர் கெட்டுவிடும். 150, 220, 320 என்று வரிசையாகச் செல்லலாம். முகக்கவசம் அணிந்துகொள்ள வேண்டும். மரத்தூள் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்தியிருக்கிறது.

பூசுவதற்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. அது காற்றுப் பட்டுக் கெட்டியாகி மரத்தின் இழைகளுக்குள் தங்கிவிடும். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் போன்றவை அவ்வாறு உலர்வதில்லை. நாளடைவில் காறிப்போய் வாடை வீசக்கூடும். உணவு எடுக்கும் கரண்டி என்றால், விரைவில் உலர்வதற்கான வேதிப்பொருள் எதுவும் கலவாத தூய ஆளிவிதை எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லியதாகப் பூசி, சற்றுநேரம் ஊறவிட்டு, மேலே எஞ்சியதைத் துடைத்துவிட்டு, முழுவதும் உலர்ந்தபின் அடுத்த பூச்சைப் பூச வேண்டும். துடைத்த துணியைக் கசக்கி ஒரு மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உலரும்போது வெப்பம் உண்டாகிறது; சுருட்டிய துணியில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிக் கூடிக்கொண்டே போய், நெருப்பின்றியே துணி தானாகப் பற்றிக்கொள்ளும். வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில், மடிக்காமல் ஒற்றையாக விரித்து விறைக்கும்வரை உலர்த்திய பிறகோ, மூடியுள்ள தகர டப்பாவில் நீர் நிரப்பி அதற்குள் அமிழ்த்தியோதான் அந்தத் துணியை அப்புறப்படுத்த வேண்டும்.